கல்லாவில் உட்கார்ந்தவரெல்லாம் முதலாளி இல்லை

பழைய சென்னைக் கடை ஒன்றின் 'வரலாறு' என்று இணையத்தில் வந்த ஒரு வீடியோவைத்தான் சொல்கிறேன். ஜார்ஜ் டவுனில் பூட்டிக் கிடக்கிற ஒரு கடை. எதிர் வாசற்படியில் ஒரு பெரியவர். "நாமம் போட்டுக்கிட்டு ஒருத்தர் கல்லாவுல உட்கார்ந்திருப்பாருப்பா" என்று அவர் சொன்ன ஒரே ஒரு வரி. உடனே வயலின் இசை. போர்டில் இருந்த பெயரை எடுத்து அந்த நாமக்காரர் தலையில் கட்டி, 'இந்தச் சாம்ராஜ்யத்தை உருவாக்கியவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டாயிற்று. பெரியவர் வாயில் முதலாளி என்ற சொல்லே வரவில்லை. திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

கல்லாவில் உட்கார்ந்தவரெல்லாம் முதலாளி இல்லை சாமி. கணக்குப்பிள்ளை உட்காருவார், மச்சான் உட்காருவார், முதலாளி சாப்பிடப் போனால் மாப்பிள்ளை உட்காருவார். செட்டிநாட்டு லேவாதேவிக் கடைகளில் ஏஜெண்ட்தான் கடையை நடத்துவார், முதலாளி ஊரில் இருப்பார். சரி, போர்டில் உள்ள பெயராவது முதலாளியா? மவுண்ட் ரோட்டில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையைப் பாருங்கள். 1844ல் தொடங்கியவர் பெயர் இன்னும் போர்டில் இருக்கிறது, கடை கைமாறி அமால்கமேஷன்ஸ் குழுமத்திடம் போய் எத்தனையோ காலமாயிற்று. ஆக ஒரு கடைக்கு நாலு பெயர் இருக்கலாம்: போர்டில் ஒன்று, கல்லாவில் ஒன்று, கூட்டுப் பத்திரத்தில் ஒன்று, வாடகை ரசீதில் ஒன்று. இதில் எது கிடைத்தது என்று தெரியாமல் 'ஓனர்' என்று எழுதுவது வரலாறு இல்லை.

"வயசானவர் ஞாபகத்தைக் குறை சொல்கிறாயா?" என்று கிளம்புவீர்கள். ஞாபகத்தை ஒரு சொல் குறை சொல்லவில்லை. கேட்ட விதத்தைச் சொல்கிறேன். வாசற்படி எத்தனை, தராசு எந்தப் பக்கம் தொங்கியது, கடன் நோட்டு எந்த நிற அட்டை, பின்கட்டில் என்ன வாசனை, இதிலெல்லாம் பெரியவர்களை அசைக்க முடியாது. வருஷத்தில் சறுக்குவார்கள். யாருக்குச் சொந்தம் என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. வெற்றிலை வாங்கப் போன பையனுக்குப் பங்குதாரர் விவரம் எதற்கு?

அதனால் "எந்த வருஷம்?" என்று கேட்கவே கூடாது. "டிராம் ஓடிச்சா?" என்று கேளுங்கள், 1953க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். "அணாவுல குடுத்தீங்களா, நயா பைசாவா?" என்றால் 1957. "எவாக்குவேஷன்ல கடையை மூடினாங்களா, திரும்பத் திறந்தாங்களா?" என்றால் 1942, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஊர் காலியான வருஷம். "மூர் மார்க்கெட் எரிஞ்சப்போ இருந்துதா?" என்றால் 1985. நீங்களாக ஒரு பெயரைச் சொல்லி "அவர்தானே?" என்று எடுத்துக் கொடுத்தால் முடிந்தது கதை. மரியாதைக்காகவாவது ஆமாம் என்பார்கள். இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்தும் கேட்காதீர்கள். குரல் ஓங்கியவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டுவார், நீங்கள் அதை இரண்டு சாட்சி என்று எழுதிக்கொள்வீர்கள். தனித்தனியாக, தலைமுறைக்கு ஒருவராகக் கேளுங்கள். மவுண்ட் ரோட்டில் ஒரே கட்டடத்தை ஒருவர் ஒயிட்டவே லெய்ட்லா என்பார், அடுத்தவர் சுதேசமித்திரன் ஆபீஸ் என்பார், மூன்றாமவர் வி.ஜி.பி. என்பார். மூவரும் சொல்வது நிஜம்தான், வெவ்வேறு காலத்தில் மூன்றும் அங்கே இருந்தவை.

பிறகு வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். கல்யாணப் போட்டோவின் பின்பக்க ஸ்டூடியோ முத்திரை, நகைப்பெட்டி மூடியின் உள்பக்கம், பரணில் கிடக்கிற பில் புக். முகவரியில் 600 001 என்று பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது, சந்தேகமில்லை. வெறும் 'மதராஸ்-1' என்று இருந்தால் அவசரப்படாதீர்கள், பழைய அச்சு பிளாக்கையே வைத்துப் பல வருஷம் அச்சடித்தவர்கள் உண்டு. விற்பனை வரி எண் இருந்தால் 1939க்குப் பிந்திய பில். அந்த எண்ணுக்கு முன்னால் தமிழ்நாடு என்றே போட்டிருந்தால் 1969க்குப் பிறகு.

கதவு எண்ணில்தான் பாதிப் பேர் விழுவார்கள். பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். அந்தப் பழைய எண்ணுக்கும் முன்னால் ஒரு எண் இருந்திருக்கலாம். சைனா பஜார் என்.எஸ்.சி. போஸ் சாலை ஆனது, பிராட்வே பிரகாசம் சாலை ஆனது, தி.நகரில் தணிகாசலம் செட்டி ரோடு வெறும் தணிகாசலம் ரோடு ஆனது. தெருப் பெயரைச் சாதி வாலோடும் தேட வேண்டும், வாலில்லாமலும் தேட வேண்டும். எண்ணை நம்பாமல், முனையிலிருந்து எத்தனையாவது கடை, எந்தக் கை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

"வில்லங்கச் சான்று போட்டாலே தெரிந்துவிடுமே" என்று ஒரு வக்கீல் நண்பர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் வில்லங்கத்தில் வருவது கட்டடத்தை வாங்கி விற்றது, அடமானம் வைத்தது. பழைய டவுனில் எத்தனையோ கடைகள் கோயில் இடத்திலும் டிரஸ்ட் இடத்திலும் வாய்மொழி வாடகைக்கு நடந்தவை. கடைக்காரர் பெயர் அதில் தலைகாட்டவே காட்டாது. கூட்டு வியாபாரம் என்றால் கூட்டு நிறுவனங்களின் பதிவாளரிடம் பங்குதாரர் பெயர்கள் இருக்கலாம். 1932 கூட்டு வியாபாரச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை என்பதால் இல்லாமலும் போகலாம். அப்போது எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா நூலகம் என்று போய்ப் பழைய டைரக்டரிகளையும் பத்திரிகை விளம்பரங்களையும் புரட்டத்தான் வேண்டும். தீபாவளி மலர் விளம்பரங்களில் 'உரிமையாளர்' என்று பெயர் போட்டே வந்திருக்கும் சில கடைகளுக்கு. தூசி, தும்மல், முதுகுவலி எல்லாம் உண்டு. வயலின் கிடையாது.

"அவராவது வீடியோ போட்டார், நீ என்ன கிழித்தாய்?" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, வேண்டியதும் இல்லை.

சொல்லப்போனால் எனக்கு எரிச்சலாக இருப்பது முதலாளி பெயர் தப்பானதால்கூட இல்லை. அந்த நாமக்காரர் முதலாளியாகவே இருந்திருக்கலாம், யார் கண்டது? கணக்குப்பிள்ளையாகவும் இருந்திருக்கலாம். காலையில் பூட்டைத் திறந்து, சில்லறை எண்ணி, ராத்திரி பேரேட்டை மூடிவிட்டுப் போன மனுஷர். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று யாராவது கேட்டீர்களா? இந்த நகரத்துக் கடைகளைப் பற்றி நாம் எழுதுகிற எல்லாவற்றிலும் முதலாளி, முதலாளி மகன், முதலாளி பேரன். நானும் மேலே இத்தனை பத்தி முதலாளியைக் கண்டுபிடிக்கத்தான் வழி சொல்லியிருக்கிறேன். கணக்குப்பிள்ளையைத் தேட எந்த டைரக்டரியும் கிடையாது. அவருக்கு இருக்கிற ஒரே ஆவணம் அந்த எதிர் வாசற்படிப் பெரியவர். அவரிடம் மைக்கை நீட்டி, ஒரு வரி வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கிறீர்கள்.

மன்னிப்பெல்லாம் யாரும் கேட்க வேண்டாம். அந்தத் தலைப்பை மாற்றுங்கள். 'கல்லாவில் இருந்தவர், பெயர் தெரியவில்லை' என்று போடுங்கள். பெரியவர் அதே தெருவில்தான் இருக்கிறார், இன்னொரு தடவை போய்ப் பேர் கேட்டுவிட்டு வாருங்கள். கேமரா இல்லாமல் போங்கள்.