பிள்ளையளிட்ட வெளிநாடு போற அம்மா அப்பாமாருக்குச் சொல்லிக்குடுக்க வேண்டியது

யாழ்ப்பாணத்திலையிருந்து சுவிஸ், ஜேர்மனி எண்டு பிள்ளையளிட்டப் போற அம்மா அப்பாமாருக்கு எல்லாரும் குளிரைப் பற்றித்தான் புத்தி சொல்லினம். குளிர் கொஞ்ச நாளில பழகிப்போகும். கஷ்டம் தாறது வீட்டுக்குள்ள இருக்கிற சாமான்கள்தான். அதைக் காட்டிக்குடுக்காமல் பிள்ளையள் வேலைக்குப் போக, பெத்ததுகள் பின்னேரம் மட்டும் ரீவிக்கு முன்னால அடைஞ்சு கிடக்குதுகள். இது பெரிய அநியாயம்.

முதல் குளியலறை. கனக்க வீடுகளில தண்ணி வடிய நிலத்தில ஓட்டையே இல்லை. கிணத்தடியில வாளியால அள்ளி வாத்த பழக்கத்தில அங்கையும் வாத்தால், தண்ணி கீழ்வீட்டு முகட்டில கறையா இறங்கும். திருத்திற செலவு பிள்ளையின்ர தலையில. தொட்டிக்குள்ள நிண்டு, திரைச்சீலையின்ர அடியைத் தொட்டிக்கு உள்பக்கமா விட்டுக் குளிக்கவேணும்.

அடுத்தது வாசல்கதவு. வெளிப்பக்கத்தில திருகேலாத குமிழ்தான் இருக்கும். குப்பை போட வெளிக்கிட்ட நேரம் காத்துக்குக் கதவு சாத்துப்பட்டால், திறப்பில்லாமல் உள்ள போகேலாது. திறப்பு உள்பக்கப் பூட்டில கொழுவினபடி இருந்தால் சில பூட்டுகள் வெளியில இருந்து வேற திறப்புக்கும் திறவாது. பூட்டுத் திறக்கிற ஆளைக் கூப்பிட்டால், அதுவும் ஞாயிற்றுக்கிழமையெண்டால், நூற்றுக்கணக்கில காசு போகும். திறப்பைச் சட்டைப்பைக்குள்ள வைச்சிட்டுத்தான் கதவைத் தொடவேணும்.

யன்னலில கனபேர் பயப்பிடினம். பிடி கீழ பார்த்தால் பூட்டு. கிடையா நிண்டால் கதவு மாதிரி உள்பக்கம் திறக்கும். மேல பார்த்தால் மேல்விளிம்பு மட்டும் சரியும். திறந்திருக்கேக்க பிடியை மேல திருப்பினால் முழு யன்னலும் ஒரு மூலையில கழண்டு தொங்கிறமாதிரி நிக்கும். பதறாதேங்கோ, மற்ற மூலை பிடிச்சிருக்கும். பிணைச்சல் பக்கத்து மேல்மூலையை நிலையோட அமத்திக்கொண்டு பிடியைக் கிடையாக்கினால் திரும்பக் கொழுவும். பிறகு சாத்தி, பிடியைக் கீழ விடுங்கோ.

குப்பைக்குச் சுவிஸில கனக்க ஊர்களில கட்டணப் பை இருக்கு. குப்பை அள்ளுற காசு பையின்ர விலைக்குள்ளேயே அடக்கம். கடைப் பையில கட்டி வைச்சால் அள்ளமாட்டினம். உள்ள கிடக்கிற கடிதத்தில விலாசம் பார்த்துத் தண்டமும் அனுப்புவினம். கண்ணாடிப் போத்திலை வெள்ளை, பச்சை, மண்ணிறம் எண்டு பிரிச்சுப் போடவேணும், ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது. ஜேர்மனியில ஒருதரம் பாவிக்கிற பிளாஸ்ரிக் போத்திலுக்கு 25 சதம் திரும்பத் தருவினம். நசுக்கிப்போடாதேங்கோ, போத்திலில இருக்கிற கோட்டுக் குறியை (பார்கோட்) வாசிக்க ஏலாட்டி போத்தில் திரும்ப வாங்கிற மெசின் எடுக்காது.

பஸ்ஸும் ரெயினும்தான் முக்கியம், ஏனெண்டால் அது தெரிஞ்சால் தனிய வெளிக்கிடலாம். பருத்தித்துறை பஸ்ஸில மாதிரி கொண்டக்ரர் வந்து காசு கேக்கமாட்டார். ஏறமுதல் ரிக்கெற் எடுக்கவேணும். ஜேர்மனியில சில நகரங்களில அந்த ரிக்கெற்றிலை முத்திரையும் குத்தவேணும். குத்தாத ரிக்கெற் ரிக்கெற்றே இல்லை, பிடிபட்டால் 60 யூரோ. லண்டன் பஸ்ஸில 2014இலையிருந்து கையில காசே வாங்கிறதில்லை, கார்ட் மாதிரி ஏதாவது வேணும்.

பிள்ளையளே, அவை வந்த முதல் சனிக்கிழமை அப்பாவை முன்னால விட்டு நீங்கள் பின்னால போங்கோ. ரிக்கெற் மெசினை அவர் அமத்தட்டும், இறங்கிற இடத்தை அவர் சொல்லட்டும். பிழைச்சால் மட்டும் வாய் திறவுங்கோ. அம்மாவுக்கும் தனிய அப்பிடியே ஒருக்கால் செய்யவேணும், அப்பாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போனால் அவவுக்கு வழி பிடிபடாது. வீட்டு விலாசமும் உங்கட போன் நம்பரும் எழுதின துண்டு இரண்டுபேரிட்டையும் இருக்கட்டும்.