பேப்பர் போடச் சொல்வதற்கு முன்னால் விசாரித்து முடியுங்கள்

ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். இந்த வேலை உங்கள் பின்னணிச் சரிபார்ப்பின் முடிவுக்கு உட்பட்டது என்று. சம்பளத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த வரியை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை. மறுநாளே பழைய கம்பெனியில் பேப்பர் போட்டுவிடுகிறார்கள். புது கம்பெனியும் அதைத்தான் கேட்கிறது: ரிசைன் பண்ணின மெயிலை அனுப்புங்கள், ஜாயினிங் தேதியை உறுதி பண்ணுங்கள். விசாரணை மட்டும் மெதுவாக, பல இடங்களில் ஆள் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

விசாரிக்கட்டும், நன்றாகவே விசாரிக்கட்டும். கையில் இருக்கிற வேலையை விடச் சொல்வதற்கு முன்னால் அதை முடித்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நம் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் ஆள் எடுப்பதைப் பாருங்கள். எடை போட்டு வெள்ளியைக் கையில் கொடுக்கிற தொழில். யார் வீட்டுப் பையன், முன்னால் எந்தப் பட்டறையில் இருந்தான், அங்கே ஏன் நின்றான், முன்பணப் பாக்கி ஏதாவது உண்டா என்று எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டுவிடுவார்கள். அதில் சாதியும் சொந்தமும் ஊர்வம்பும் கலந்திருக்கும், அதை நான் மெச்சவில்லை. ஆனால் வேலையில் சேர்த்து இரண்டு மாதம் கழித்து, ‘உன்னைப் பற்றி இப்போதுதான் விசாரித்தோம்’ என்று எந்தப் பட்டறைக்காரரும் சொல்லமாட்டார்.

அம்மாப்பேட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு அதுதான் நடந்தது. படிப்பு முடித்ததும் ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கு எழுதினான். பத்துப் பேர்கூட இல்லாத இடம். இருபது பேர் இருந்தால்தான் பி.எஃப். கட்டாயம் என்பதால் அதுவும் கிடையாது, சம்பளம் கையில். கொரோனாவில் அந்த அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். அப்புறம் பெங்களூருவில் வேலை, அங்கிருந்து சென்னையில் இன்னும் நல்ல வேலை. நோட்டீஸ் பீரியட் முடித்து, சென்னையில் ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்து, முதல் சம்பளமும் வாங்கிவிட்டான். அதற்கப்புறம் வந்தது ரிப்போர்ட். ஐந்து ரோடு வேலையை உறுதிப்படுத்த முடியவில்லையாம். பூட்டிக் கிடக்கிற அலுவலகத்தில் யார் போனை எடுப்பார்கள்?

எச்.ஆர். அம்மா தன்மையாகத்தான் பேசினாராம். “நீங்களே ரிசைன் பண்ணிடுங்க தம்பி, ரெக்கார்டுல ஒண்ணும் வராது.” வராமல் எங்கே போகும்? 2014இல் யு.ஏ.என். என்று, கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே பி.எஃப். எண் வந்ததிலிருந்து எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எந்தத் தேதியில் நின்றோம் என்பது பி.எஃப். கணக்கில் வரிசையாக நிற்கிறது. அடுத்த இன்டர்வியூவில் முதல் கேள்வியே ‘இங்கே ஏன் இரண்டே மாதம்?’ என்பதுதான்.

கம்பெனிகளின் பயம் வீண் பயம் என்று சொல்லமாட்டேன். காசு கொடுத்தால் மூன்று வருட அனுபவத்தைச் சம்பளச் சீட்டோடு தயார் பண்ணிக் கொடுக்கிற கன்சல்டன்சிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் இந்தச் சரிபார்ப்பில் மாட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த ரகம் இல்லை. நம் இனிஷியலே பலரை மாட்டிவிடுகிறது. மார்க்‌ஷீட்டில் ‘குமார் எஸ்’, ஆதாரில் வெறும் ‘குமார்’, பான் கார்டில் அப்பா பெயரும் சேர்ந்து ‘செல்வராஜ் குமார்’. எங்கோ வடக்கே உட்கார்ந்து பார்க்கிற ஏஜென்சிக்காரருக்கு இது மூன்று ஆள். உடனே ரிப்போர்ட்டில் ‘சந்தேகம்’ என்று ஆம்பர் கலர்.

முகவரிச் சரிபார்ப்பு இன்னும் வேடிக்கை. முன்பெல்லாம் ஒருவர் வண்டியில் வந்து பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுப் போவார். இப்போது போனுக்கு லிங்க் வருகிறது. லொகேஷனை ஆன் பண்ணி, வாசலில் நின்று கதவையும் தெருவையும் படம் எடுத்து, திரையில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்காட்டில் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெண் சொன்னாள்: வீட்டு வாசலில் டவர் கிடைக்காது, டவர் கிடைக்கிற மேட்டில் நின்றால் லொகேஷன் தப்பு என்கிறது. இதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடிய விஷயங்கள். பழைய வேலை கையில் இருக்கும்போது பேசினால் நிதானமாகப் பேசலாம்.

போலீஸ் கேஸ் விஷயமும் அப்படித்தான். ஆடித் திருவிழாத் தகராறில் கூட்டத்தோடு கூட்டமாகப் பெயர் சேர்க்கப்பட்ட பையன்கள் எந்த ஊரில் இல்லை? அரசு வேலைக்கு 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. விண்ணப்பத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும். ஆனால் இளவயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்கை மறைத்திருந்தால், அதைப் பெரிதுபடுத்தாமல் விட அதிகாரிக்கு இடம் உண்டு. தனியார் கம்பெனியில் அந்த நிதானத்தை யாரிடம் எதிர்பார்ப்பது? ரிப்போர்ட்டில் ‘தேறவில்லை’ என்று சிவப்பு வந்தால் சிவப்புதான்.

அமெரிக்காவில் 1970ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளி ஏஜென்சியை வைத்து விசாரிப்பதற்கு முன் எழுத்துமூலம் சம்மதம் வாங்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டைக் காட்டி வேலை இல்லை என்று முடிவெடுப்பதற்கு முன் அதன் பிரதியை அந்த ஆளிடமே கொடுக்க வேண்டும். தப்பு இருந்தால் அவரே காட்டலாம். இங்கே அந்தப் பையன் தன் ரிப்போர்ட்டைக் கண்ணாலேயே பார்க்கவில்லை.

எச்.ஆரில் இருக்கும் நண்பர்கள் இரண்டு பதில் சொல்கிறார்கள். இப்போது வேலை பார்க்கும் கம்பெனிக்கு முன்கூட்டியே போன் பண்ணினால் அவன் வேலைக்கே உலை வைத்த மாதிரி ஆகிவிடும் என்பது ஒன்று. நியாயம். அந்த ஒன்றை மட்டும் கடைசிக்கு வையுங்கள். படிப்பு, முகவரி, பழைய கம்பெனிகள், போலீஸ் எதற்கும் அந்தத் தடை இல்லையே? இன்னொன்று, ஆஃபர் வாங்கிக்கொண்டு பல பேர் வருவதே இல்லை, அத்தனை பேருக்கும் யார் செலவு பண்ணுவது என்பது. இது கணக்குப் பிரச்சினை. செலவை மிச்சம் பிடிக்கிறது கம்பெனி, அதற்கு விலை கொடுப்பது வேலையை விட்டுவிட்டு வந்தவன்.

கையில் ஆஃபர் இருப்பவர்கள் பேப்பர் போடுவதற்கு முன் ஒரு மெயில் போடுங்கள். ‘இப்போதைய கம்பெனியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இப்போதே சரிபாருங்கள், முடிந்தது என்று எழுதிக் கொடுத்த அன்றே ரிசைன் பண்ணுகிறேன்’ என்று. சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். சிலர் பாலிசி இல்லை என்பார்கள். அப்போது போவதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு நிலைமை.

அப்புறம், சேலத்தில் கடையும் சின்ன அலுவலகமும் நடத்துகிற அண்ணன்மார்களுக்கு ஒன்று. உங்களிடம் ஒரு வருடம் வேலை பார்த்த பையன் போகும்போது லெட்டர்பேடில் நாலு வரி எழுதி, சேர்ந்த தேதி, நின்ற தேதி போட்டு, சீல் வைத்துக் கொடுங்கள். முடிந்தால் சம்பளத்தையும் பேங்கில் போடுங்கள். அவன் கேட்டால் “அதெல்லாம் எதுக்குப்பா” என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.