கதவைத் தட்டியிருக்கலாம்

அம்மாவின் செத்தவீட்டுக்குச் சனம் வந்து போகிற நேரத்தில், இங்கிலாந்தில் எங்கள் தெருவில் யாரோ அமைதி கேட்டுப் பெயரில்லாமல் எங்கள் வீட்டுக்குள் போட்ட கடதாசியைப் பற்றி நேற்று நான் எழுதிய நாலு வரிக்குக் கீழே வந்த கருத்துகளை இப்போதுதான் வாசித்து முடித்தேன். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. புத்தி சொன்னவர்களும் நிறையப் பேர். நாலு வரி எழுதினால் நாலு விதமாகத்தான் விளங்கும் என்று தம்பி சொல்கிறான். சரி, முழுதாகவே எழுதுகிறேன்.

அமைதி கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. கேட்ட விதத்தில்தான் கோபம். எங்கள் தெருவில் மொத்தம் 14 வீடுகள். உள்ளே வந்த வாகனம் வந்த வழியாலேயே திரும்ப வேண்டிய முட்டுத் தெரு. 1930களில் கட்டிய, இரண்டு வீட்டுக்கு ஒரு நடுச்சுவர் வைத்த வீடுகள். எந்த வாசலிலிருந்து நடந்தாலும் என் வாசலுக்கு ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை நடந்து வந்து, மணியை அழுத்தி, "வாகனங்கள் கொஞ்சம் இடைஞ்சலாக இருக்கு" என்று சொல்லியிருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

காலையில் கீழே இறங்கி வந்தபோது கால்மிதியில் கிடந்தது. கொப்பித் தாளை நேர்த்தியாக நாலாக மடித்து, நீல மையில், பெயரும் இல்லாமல் வீட்டு இலக்கமும் இல்லாமல். "இது அமைதியான தெரு. பதினொரு நாளாகப் பொறுத்துக்கொண்டோம். தயவுசெய்து மற்றவர்களையும் நினைத்துப் பாருங்கள்." பதினொரு நாள் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். எந்த நாளிலிருந்து பதினொன்று என்று எண்ணியவருக்குத் தெரியாமலா இருக்கும்? அம்புலன்ஸ் வந்து நின்றது முழுத் தெருவும் பார்க்கத்தானே.

ஊரில் இருப்பவர்களுக்கு இங்கத்தைய செத்தவீடு விளங்காது. அங்கே அடுத்த நாள் பின்னேரம் எல்லாம் முடிந்துவிடும். இங்கே வைத்தியரின் பத்திரம் வர வேண்டும், பிறகு பதிவு, பிறகு எரிப்பதற்கு நேரம் கிடைக்க இரண்டு மூன்று கிழமை. அவ்வளவு நாளும் அம்மா குளிர் அறையில். அவ்வளவு நாளும் சனம் வரத்தானே செய்யும்? அடுப்பு மூட்டாத வீடு. ஒவ்வொரு பின்னேரமும் யாரோ ஒருவர் சோறும் கறியும் கட்டிக்கொண்டு வருகிறார். ஆறு மணிக்கு வருவார்கள், இருந்து தேவாரம் படிப்போம், ஒன்பது ஒன்பதரைக்குப் போய்விடுவார்கள். இதுதான் நடந்தது.

"அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்கப் பழகுங்கள்" என்று ஓர் அண்ணா எழுதியிருக்கிறார். அண்ணா, நான் 22 வருடமாக இங்கே இருக்கிறேன். 1996ஆம் ஆண்டின் இரைச்சல் சட்டத்தில் இரவு என்பது 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை. அனுமதிச் சீட்டு முறை இல்லாத பொதுத் தெருவில் வீட்டுக்கு முன்னால் உள்ள இடம் எவருக்கும் சொந்தமில்லை. மற்றவருடைய வாகனம் ஏறி இறங்கும் சரிவை மறிக்கக் கூடாது, அவ்வளவுதான். அதை ஒரு நாள் எங்கள் மாமா ஒருவர் மறித்துவிட்டார். இருபது நிமிடம். பிழைதான். வெளியில் நின்று போனில் கனடாவோடு உரத்துக் கதைத்ததும் பிழைதான். ஆனால் அதையும் வந்து சொல்லியிருக்கலாம். கதவைத் தட்டியிருக்கலாம்.

இன்னொரு பக்கம், "வெள்ளையள் எல்லாம் இப்படித்தான், மனுசத்தன்மை இல்லாத சனம்" என்று எழுதியவர்களே, தயவுசெய்து அதை என் பக்கத்தில் எழுதாதீர்கள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு 81 வயது. அம்மாவுக்கு நடக்க ஏலாமல் போன நாளிலிருந்து எங்கள் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டி வைப்பதும், திரும்பக் கொண்டு வந்து மதிலோரம் விடுவதும் அவர்தான். ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. 2024 ஓகஸ்டில், சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு குடியேறியவர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்த கிழமை, கலவரக்காரர்கள் லண்டனுக்கும் வருகிறார்கள் என்று கதை பரவிப் பல இடங்களில் கடைகளுக்குப் பலகை அடித்த 7ஆம் திகதி, என் கதவைத் தட்டியவர் அவர். "நான் கடைக்குப் போகிறேன், உனக்கு என்ன வேண்டும்? இன்றைக்கு நீ வெளியில் போகாதே" என்றார். பாலும் பாணும் வாங்கி வந்து தந்தார். ஆகவே இந்தத் தெருவுக்குக் கதவைத் தட்டத் தெரியாது என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

அம்மாவைப் போல இந்த அமைதியை விரும்பிய ஆள் இந்தப் பதினான்கு வீட்டிலும் கிடையாது. அதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியாமல் நேற்று நாலு வரியோடு நிறுத்தினேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி மழைக்குள் செம்மணியால் நடந்தபோது, நடக்க ஏலாத அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவர் அவர். 2012இல் இங்கே வந்த முதல் கிழமை நித்திரையே இல்லை. "ஏன் பிள்ளை, ஒரு நாய்கூடக் குலைக்கேல்லை? ஏதும் நடக்கப்போகுதோ?" என்று இரவில் என் அறைக்கு வந்து கேட்பார். நாய்கள் அடங்கி ஒழுங்கை அமைதியானால் அங்கே அதற்கு வேறு அர்த்தம். இந்த அமைதி வெறும் அமைதிதான் என்று நம்ப அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. அதற்குப் பிறகு பின்கதவைத் திறந்துவிட்டு, பிளேன்டீயோடு படியில் இருந்து, பக்கத்து வளவு மைனா போன்ற கறுப்புக் குருவி பாடுவதைக் கேட்பதுதான் அவருடைய பின்னேரம்.

ஒவ்வொரு நவம்பர் 5ஆம் திகதியும், இங்கத்தைய கை ஃபோக்ஸ் கொண்டாட்டத்துக்கு, இந்தத் தெருவில் வெடி வெடிக்கும். அன்றைக்கு நள்ளிரவு வரை வெடிக்கச் சட்டம் விடுகிறது. அம்மா மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறைக்குள், தூசி உறிஞ்சும் மெசினுக்குப் பக்கத்தில், காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருப்பார். பன்னிரண்டு வருடம். நான் ஒரு வீட்டுக்கும் கடதாசி போடவில்லை. அவர்களுடைய கொண்டாட்டம், அவர்களுடைய பிள்ளைகள் சந்தோசமாக இருக்கட்டும் என்றுதான் அம்மாவும் சொன்னார்.

கொரோனா காலத்தில், 2020 மார்ச் 26ஆம் திகதியிலிருந்து பத்து வியாழக்கிழமை, இரவு எட்டு மணிக்கு, ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்குக் கை தட்ட எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. நான் ஆஸ்பத்திரி உடுப்போடு வேலையால் வந்து இறங்க, என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். சட்டி, பானை, விசில். அம்மா புட்டுப் பானையின் மூடியையும் அகப்பையையும் கொண்டு வந்து வாசலில் நின்று அடித்தார். அன்றைக்கு எதிர்வீட்டிலிருந்து அம்மாவுக்கும் கை காட்டினார்கள். அந்த மூடி இப்போதும் குசினியில் தொங்குகிறது. அதற்குக் கீழே மேசையில் இந்தக் கடதாசி.

இதை எழுதியவர் அன்றைக்குக் கை தட்டியவராகத்தான் இருக்க வேண்டும். 2020க்குப் பிறகு எங்கள் தெருவுக்குப் புதிதாக எவரும் வரவில்லை.

"சின்ன விசயம், விடுங்கள் அக்கா" என்று எழுதிய தங்கச்சிக்கு ஒன்று சொல்கிறேன். அம்மா போன அன்று இரவு சின்னம்மா வந்து, வாசலிலேயே "என்ரை அக்கா" என்று ஒப்பாரிக்கு வாயெடுத்தார். நான் ஓடிப்போய் முதலில் யன்னலைச் சாத்தினேன். பிறகு சின்னம்மாவின் வாயைப் பொத்தினேன். 70 வயது மனுசி, தன் தமக்கைக்காக அழ வந்தவர், என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எவரும் கடதாசி போட முதலே நான் செய்தது அது. பதினொரு நாளாக நான் அழுததெல்லாம் தலையணைக்குள்தான், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று. அவ்வளவு பார்த்துப் பார்த்து இருந்த வீட்டுக்குத்தான் "மற்றவர்களையும் நினைத்துப் பாருங்கள்" என்று வந்திருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுக் கிழவரிடம் கடதாசியைக் காட்டினேன். வாசித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தன்னுடைய தாய் காலத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் முழுத் தெருவும் யன்னல் சீலைகளை இழுத்து மூடும், வண்டி போகும்போது ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள் என்றார். புதன்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

புதன் காலை 10 மணிக்கு அம்மாவின் வண்டி வீட்டு வாசலுக்கு வந்து ஐந்து நிமிடம் நிற்கும். சேமக்கலம் அடிப்போம். சங்கு மூன்று தரம் ஊதுவோம். சின்னம்மா அழுவார், இந்த முறை நான் தடுக்க மாட்டேன். இன்றைக்குப் பின்னேரம் மற்றப் பதின்மூன்று கதவுகளையும் தட்டி, என் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொல்லி, இதைச் சொல்லிவிட்டு வரப்போகிறேன்.