ரடரை ரடர் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஞாயிறு இரவு 11 மணி. வாரத்தில் எனக்கு கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் நிம்மதியாக விமானம் ஓட்டக் கிடைப்பது அந்த ஒரு பொழுதுதான். மதேய்ரா தீவின் ஃபுன்சால் விமான நிலையத்தில் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். தூண்கள் மேல் நீட்டிக் கட்டிய ஓடுபாதை, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், பக்கவாட்டில் காற்று. இந்த ஒரு தரையிறக்கத்துக்காக ஒரு வாரமாகப் பழகியிருந்தேன். வேகம் 65 நாட், உயரம் சரி. மூக்கை நேராக்க, ரடரை, அதாவது வாலில் இருக்கும் சுக்கானை, திருப்பும் இடது பெடலை மெதுவாக அழுத்தினேன். விமானம் பாதி திரும்பி, வெடுக்கென்று பழைய இடத்துக்கே உதறியது. மறுபடி அழுத்தினேன், மறுபடி உதறல். இறக்கை தரையில் உரசி எல்லாம் முடிந்தது.

காரணம் தெரிந்ததும் ஆத்திரம் இன்னும் கூடியது. காலையில் மேசையைத் துடைத்தபோது ஜாய்ஸ்டிக் கேபிளைக் கழற்றி வேறு யூஎஸ்பி துளையில் செருகியிருக்கிறேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்த ஜாய்ஸ்டிக்குக்குள் வரிசை எண் எதுவும் எழுதப்படவில்லை. வரிசை எண் இல்லாத கருவி, துளை மாறினாலே விண்டோஸுக்குப் புதுக் கருவி. சிமுலேட்டரும் அதைப் புதுசு என்று நினைத்துத் தன் வழக்கமான அமைப்பை ஏற்றிவிட்டது. அந்த அமைப்பில் ஜாய்ஸ்டிக்கை முறுக்கினாலும் ரடர். இன்னொரு கம்பெனியின் பெடலை அழுத்தினாலும் ரடர். ஒரு சுக்கானை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் எந்தப் படகு கரை சேரும்? ஒரு வரிசை எண் எழுத அந்தக் கம்பெனிக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

பெடல் வாங்கிய முதல் நாளே இப்படித்தான். எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளியும் விமானம் இம்மி நகரவில்லை. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் சுழலவில்லை. ஒரு மணி நேரம் போராடிய பிறகுதான் புரிந்தது: பிரேக் தலைகீழாக வேலை செய்கிறது. காலை எடுத்தால் முழுப் பிரேக், அழுத்தினால் விடுதலை. அமைப்புக்குள் போய் அதைத் திருப்பிவைத்தேன். அப்புறம் ஒரு ஃபார்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் வந்தது, பழையபடி தலைகீழ்.

இதெல்லாம் தீர்க்க முடியாத சிக்கல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இல்லையே! கீபோர்டு, மவுஸ், ஜாய்ஸ்டிக் போன்ற யூஎஸ்பி கருவிகள் கணினியிடம் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று வகுத்த எச்ஐடி தரநிலையில் சிமுலேட்டர் கருவிகளுக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. ரடருக்கு ஒரு எண், த்ராட்டிலுக்கு ஒரு எண், இறக்கையில் இருக்கும் எய்லரானுக்கு, வாலில் இருக்கும் எலிவேட்டருக்கு, கால் பிரேக்குக்கு, லேண்டிங் கியருக்குக்கூட ஒரு எண். 20 வருஷத்துக்கு மேலாக அங்கேயே கிடக்கிறது. “நான் ரடர்” என்று பெடல் தன்னைச் சொல்லிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் என் மேசையில் இருக்கும் மூன்று கருவிகளும் எக்ஸ், ஒய், இசட் என்று வெறும் அச்சுப் பெயர்களைத்தான் சொல்கின்றன. எந்த இசட் எதற்கு என்று உட்கார்ந்து கண்டுபிடிப்பது என் வேலையாம்.

புகார் சொன்னால் ஆளாளுக்குக் கை காட்டுகிறார்கள். பெடல்காரர் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். ஜாய்ஸ்டிக்காரர் சிமுலேட்டரைக் கேட்கச் சொன்னார். மூன்றாவது இடத்திலிருந்து வந்த பதில்தான் வயிற்றெரிச்சல்: எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் வாங்கினால் இந்தப் பிரச்சினை வராதாம். ஒருவர் பெடலை நன்றாகச் செய்கிறார், இன்னொருவர் த்ராட்டிலை நன்றாகச் செய்கிறார். மூன்று வருஷமாகக் காசு சேர்த்து ஒவ்வொன்றாக வாங்கியவனிடம், இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வாங்கு என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

கடைசியில் கைகொடுத்தது வீஜாய், ஜாய்ஸ்டிக் கிரெம்லின், ஹிட்ஹைட் போன்ற இலவச மென்பொருள்கள்தான். உண்மைக் கருவிகளை மறைத்துவிட்டு, அவற்றையெல்லாம் சேர்த்த ஒரு போலி ஜாய்ஸ்டிக்கை சிமுலேட்டருக்குக் காட்டலாம். எழுதிக் கொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் அங்கேயும் ஒரு கணக்கு இடித்தது. ஒரு கருவிக்கு 8 அச்சுகள்தான், அதாவது 8 தனித்தனி அசைவுகள்தான், வரம்பு. ஜாய்ஸ்டிக்கில் மூன்று, த்ராட்டிலில் மூன்று, பெடலில் மூன்று, ஆக 9. ஜாய்ஸ்டிக்கின் முறுக்கை வெட்டிவிட்டு எட்டாக்கினேன். காசு கொடுத்து வாங்கிய ஒரு வசதியை நானே முடக்கிய பிறகுதான் மற்றவை ஒழுங்காக ஓடுகின்றன.

அடுத்த ஃபார்ம்வேரில் விளக்கின் நிறத்தை மாற்றும் வசதி எனக்கு வேண்டாம். ஒரு வரிசை எண் கொடுங்கள். ரடருக்கு ரடர் என்று பெயர் கொடுங்கள். அது வரும்வரை மூன்று கேபிள்களையும் டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் அந்த மேசையைத் துடைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.