ஆதாரம் தேடுவது ஆசிரியரின் வேலை அல்ல
குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் பற்றி, "தலைமையாசிரியரிடம் சொன்னால் ஆசிரியரின் கடமை முடிந்தது, ஆதாரமும் பெற்றோர் சம்மதமும் இல்லாமல் போலீசுக்குப் போக முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. இது தவறு. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஓர் ஆசிரியர் இதை நம்பிவிட்டால், ஒரு குழந்தை மீண்டும் அதே ஆளிடம் சிக்கும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் (2012) 19ஆவது பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ தெரிவித்தே ஆக வேண்டும். ஆசிரியர், மருத்துவர், பக்கத்து வீட்டார் யாரானாலும் சரி. பெற்றோர் சம்மதத்தைச் சட்டம் கேட்கவில்லை. சில நேரம் குற்றவாளியே வீட்டுக்குள் இருக்கிறார். ஆதாரம் திரட்டுவது காவல்துறையின் வேலை.

மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கோ ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர் மீது வழக்கு நிற்காது.