கணக்கெழுத ஆள் தேவை

திருகோணமலை உட்துறைமுக வீதிக்குக் கிட்ட ஒரு ஹாட்வெயார் கடை. மத்தியான வெயில். சீமெந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர், அரை இஞ்சி பைப்புக்கு வாசர் வாங்க வந்தவர். முதலாளி ஒரு காலத்தில் அவருடைய மாணவர். இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் முதலாளி பெருமையாகச் சொல்வார். ரீச்சர் யாரிடமும் சொல்வதில்லை.

முதலாளி: வாசரை எடுத்துத் தருகிறேன், இருங்கோ ரீச்சர். அதுக்கு முதல் இந்தக் கட்டை ஒருக்கால் பாருங்கோ. நாட்டில் படிப்புக் கிடக்கிற கிடை தெரியும்.

ரீச்சர்: என்ன தம்பி, கடன் கொப்பியா?

முதலாளி: விண்ணப்பங்கள். கணக்கெழுத ஆள் தேவை என்று மதிலில் ஒட்டினேன்.

ரீச்சர்: இந்தப் பக்கத்தால்தானே போய் வருகிறேன், நான் காணவில்லையே.

முதலாளி: முதல் ஒட்டினதை மான் தின்றுவிட்டது.

ரீச்சர்: கோதுமை மா கிண்டி ஒட்டியிருப்பாய். எங்கள் ஊர் மான் பொலித்தீனையே விடாது, மாப்பசையை விடுமா?

முதலாளி: பிறகு ஏணி வைத்து மேலே ஒட்டினேன். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று எல்லாப் பக்கத்தாலும் வந்து குவிந்துவிட்டது.

ரீச்சர்: அது சரி, உனக்கு எதுக்கு ஆள்? இவ்வளவு காலமும் நீதானே எழுதினாய்?

முதலாளி: (குரலைத் தாழ்த்தி) போன மாதம் கொழும்புக்கு ஓடர் எழுதினேன். இரண்டு இஞ்சி ஆணி 5 பெட்டி. அவன் 50 பெட்டி ஏற்றிவிட்டான்.

ரீச்சர்: ஐந்துக்குப் பக்கத்தில் என்ன போட்டாய்?

முதலாளி: ஒரு புள்ளி. சும்மா, அழகுக்கு.

ரீச்சர்: வகுப்பிலும் உன் புள்ளி அழகுக்குத்தான். மெய்யெழுத்துக்கு மட்டும் வைக்கமாட்டாய்.

முதலாளி: பழசை விடுங்கோ ரீச்சர். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கதைக்கு வாருங்கோ. முத்து முத்தான எழுத்து, பாருங்கோ. மேலே என்ன போட்டிருக்கிறான் என்று வாசியுங்கோ.

ரீச்சர்: (கண்ணாடியைப் போட்டு) “பெறுநர்: நிறுவனத்தின் பெயர், முகவரி.”

முதலாளி: அப்படியே எழுதியிருக்கிறான்! திகதியைப் பாருங்கோ. “இன்றைய திகதி.”

ரீச்சர்: அது பிழை இல்லையே. எந்த நாள் வாசித்தாலும் சரியாக வரும்.

முதலாளி: பகிடி விடாதேங்கோ. அடுத்தது இவன். ஆறடி உயரம், நெஞ்சு வரை தாடி. இவன் எழுதியிருக்கிறது: “பாடசாலை வலைப்பந்தாட்ட அணியின் தலைவியாக இருந்து பல வெற்றிக் கிண்ணங்களைப் பெற்றுக்கொடுத்துள்ளேன்.”

ரீச்சர்: தலைவியாகவா?

முதலாளி: இவன் மட்டும் என்றால் பரவாயில்லை. இந்தா, இவனும் தலைவி. இவனும் தலைவி. இவன் சீனன்குடா, இவன் உபதலைவி. மாவட்டத்தில் மீசை முளைத்தவன் முழுக்க வலைப்பந்தாட்டம்! ஒருவனை நேரிலேயே கேட்டேன். “அங்கிள், நோட்ஸில் அப்படித்தான் இருந்தது. ஒரு சொல் மாற்றினாலும் புள்ளி குறையும் என்று ரியூசனில் சொன்னவர்கள்” என்கிறான்.

(ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கிறார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.)

முதலாளி: இது இன்னொரு வகை. போனிடம் கேட்டு எழுதினது. “தங்கள் நிறுவனத்தின் தொலைநோக்குடன் எனது விழுமியங்கள் ஆழமாக ஒத்திசைகின்றன.” எனக்கு இருக்கிற ஒரே தொலைநோக்கு சீமெந்து விலை இறங்குகிற நாள். அது சரி, விழுமியம் என்றால் என்ன ரீச்சர், விலை கூடின சாமானா?

ரீச்சர்: ஓம். உன் கடையில் இல்லை.

முதலாளி: வந்தவனையே வாசிக்கச் சொன்னேன். “விழு… விழு…” என்று இரண்டு தரம் விழுந்து எழும்பினான். ஆனால் சான்றிதழில் தமிழுக்கு ஏ!

ரீச்சர்: ஏ என்றால் 75க்கு மேல். 35 எடுத்தாலே எஸ், அதுவும் சித்திதான். உங்கள் காலத்தில் டி, சி, எஸ், எஃப். நீ எஃப் எடுத்துவிட்டு, “எஃப் என்றால் ஃபெஸ்ட்” என்று அப்பாவுக்குச் சொல்லி, அந்த மனிதன் பள்ளிக்கூடம் முழுக்கக் கற்கண்டு கொடுத்தது எனக்கு மறக்கவில்லை.

முதலாளி: அது வேறு கதை. நான் கேட்கிறது இதுதான். 1945 இலிருந்து இலவசக் கல்வி. புத்தகம் சும்மா, சீருடை சும்மா. எழுத்தறிவு 90 சதவீதத்துக்கு மேல் என்கிறார்கள். அந்த 90 இல் ஒருவன் என் கடைப்பக்கம் வரக்கூடாதா?

ரீச்சர்: காலையில் இலவசக் கல்வி, பின்னேரம் காசு கொடுத்து ரியூசன். உவர்மலையில் பின்னேரம் நாலு மணிக்கு நின்று பார், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று. பழைய வினாத்தாள், மாதிரி விடை, பாடமாக்கு, கக்கு. பிள்ளை யோசித்தால் நேரம் போய்விடும் என்று அவனை யோசிக்கவும் விடுவதில்லை. அதோடு இவர்கள் 2020 இல் எத்தனையாம் ஆண்டு? பள்ளிக்கூடம் பூட்டு. வகுப்பு போனில். சிக்னல் தேடி மரத்தில் ஏறின பிள்ளைகள் இருக்கிறார்கள். 2021க்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதம்தான் நடந்தது. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. கடுதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள்.

முதலாளி: எனக்குத் தெரியாதா? நானும்தானே பெற்றோல் வரிசையில் விடிய விடியக் கிடந்தேன்.

ரீச்சர்: கிடந்தாய். வரிசை முடிந்ததும் உன்னை யாரும் பரீட்சை மண்டபத்துக்குள் தள்ளவில்லை.

முதலாளி: சரி, எழுத்தை விடுங்கோ. கணக்கையாவது பார்ப்போம் என்று கேட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ். எத்தனை வேண்டும்? ஒருவன், “அங்கிள், நாலு விடை சொல்லுங்கோ, அதில் ஒன்றைத் தெரிகிறேன்” என்றான். அடுத்தவன் 60 என்றான். அவனை வைத்தால் எனக்கு லாபம், கடைக்குத்தான் அடி விழும். கணிதத்தில் ஏ எடுத்த ஒருவன் அறையின் உயரம் கேட்டான்.

ரீச்சர்: ஒருவரும் சரியாகச் சொல்லவில்லையா?

முதலாளி: ஒரு பிள்ளை சொன்னது. மூதூர். “முப்பது. வெட்டுக்கும் உடைவுக்கும் இரண்டு மூன்று கூட்டி எடுக்கச் சொல்லுங்கோ” என்று ஒரு மூச்சில்.

ரீச்சர்: விண்ணப்பம்?

முதலாளி: அரைப் பக்கம்தான். ஒரு பிழை இல்லை. வலைப்பந்தாட்டமும் இல்லை. ஆனால் ரீச்சர், விசாரித்துப் பார்த்தால் உண்மையிலேயே அந்தப் பிள்ளைதான் வலைப்பந்தாட்டத் தலைவி! ஏன் எழுதவில்லை என்றேன். “எல்லாரும் எழுதுகிறார்கள் அங்கிள், ஒருத்தரும் நம்பமாட்டினம்” என்றது.

ரீச்சர்: பிறகு என்ன? அவளை எடு.

முதலாளி: (தலையைச் சொறிந்து) சம்பளம் கேட்கிறது.

ரீச்சர்: வேலைக்கு வருகிறவள் வேறு என்ன கேட்பாள்? எவ்வளவு?

முதலாளி: மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுக்கிறவன் வாங்குகிற நாட்கூலி.

ரீச்சர்: நீ நினைத்தது அதுக்கும் கீழேயா?

முதலாளி: ஃபான் இருக்கிறது, கதிரை இருக்கிறது, மத்தியானம் தேத்தண்ணி…

ரீச்சர்: கல் எடுக்கிறவனை விடக் குறைந்த காசுக்கு, கல் எடுக்கிறவன் மாதிரியே எழுதுகிற ஆள்தான் கிடைப்பான். அந்த 50 பெட்டி ஆணியை விற்று முடி, அவளுக்குச் சில மாதச் சம்பளம் வரும்.

முதலாளி: நீங்கள் சொன்னால் சரி. ஆனால் அந்த நோட்ஸ் எழுதின ஆள் மட்டும் என் கையில் அகப்பட்டால்…

ரீச்சர்: (எழும்பி நின்று) அகப்பட்டால்?

முதலாளி: ஏன் ரீச்சர் எழும்புகிறீர்கள்?

ரீச்சர்: பெண்பிள்ளைகள் வகுப்புக்கு நான் ஒருநாள் கரும்பலகையில் எழுதிப் போட்டது அது. யாரோ கொப்பி பண்ணி, அதைப் போட்டோகொப்பி பண்ணி, இப்போது ஆறடித் தாடிக்காரன் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. சொல்லு, அகப்பட்டால் என்ன செய்வாய்?

முதலாளி: வாசருக்குக் காசு வேண்டாம் ரீச்சர்.

ரீச்சர்: இரண்டாகத் தா.

முதலாளி: தருகிறேன். அதோடு… அந்தப் பிள்ளை நியமனக் கடிதம் தந்தால்தான் வருவேன் என்கிறது. உங்களிடம் மாதிரி ஏதாவது…

ரீச்சர்: மாதிரியும் இல்லை, மண்ணும் இல்லை. பேனையை எடு. நான் சொல்கிறேன், நீ எழுது. “பெறுநர்.”

முதலாளி: (எழுதத் தொடங்கி, நிறுத்தி) ரீச்சர், சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா?

(ரீச்சர் ஓர் அடி கிட்ட வந்தார். முதலாளியின் கை தானாகப் போய் இடது காதைப் பொத்திக்கொண்டது.)