மூன்று பக்கப் பதிலடி

மருமகன்: மாமா, உங்கள் கட்சிப் பேச்சாளர் நேற்றைய கூட்டத்தில் எங்கள் ஆட்களை மூளையில்லாத மந்தை என்று ஏசிவிட்டுப் போனதற்கு மூன்று பக்கத்தில் பதிலடி எழுதியிருக்கிறேன், எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தால் காலையில் அனுப்பிவிடுவேன்.

மாமனார்: (கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு) முதல் வரியிலேயே அவருடைய தாத்தா வருகிறார். அவரும் மேடையில் பேசினாரா?

மருமகன்: இல்லை. ஆனால் பரம்பரையை இழுக்காவிட்டால் உறைக்காதே!

மாமனார்: தாத்தாவை அடித்துவிட்டேன். அடுத்து ஒரு கழுதை, ஒரு நரி, இரண்டு குரங்குகள். மந்தை என்று சொன்னதைத் தவறென்று காட்டக் கிளம்பிய நீங்களே இப்படித் தொழுவத்தைத் திறந்துவிட்டால், படிப்பவர் அவர் பக்கம் சாய்ந்துவிட மாட்டாரா? அதுவும் போகட்டும், அவர் ஒரே முறை சொன்ன அந்தச் சொல்லை நீங்கள் பதினொரு முறை எழுதியிருக்கிறீர்கள். காசு வாங்காமல் அவருக்கு இவ்வளவு விளம்பரம் வேறு யார் செய்வார்கள்?

மருமகன்: அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா?

மாமனார்: அப்படிச் சொல்லவில்லை. வசவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், சரிபார்க்கக்கூடியதாக அவர் ஏதேனும் சொன்னாரா?

மருமகன்: எங்கள் ஆட்சியில் ஒரு பள்ளிக்கூடம்கூடக் கட்டப்படவில்லை என்றார்.

மாமனார்: கட்டப்பட்டதா?

மருமகன்: அதை விசாரிக்க வேண்டும்.

மாமனார்: கழுதைக்கும் நரிக்கும் கிடைத்த நேரம் பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கவில்லை! எத்தனை கட்டப்பட்டன, எந்த ஆண்டில் என்று இரண்டே வரி எழுதியிருந்தால், பதில் சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கெட்டிஸ்பர்க் சண்டையில் தோற்ற எதிரிப்படையைத் துரத்திப் பிடிக்காமல் விட்ட தளபதி மீடுக்கு, அமெரிக்க அதிபர் லிங்கன் 1863 ஜூலை 14 அன்று ஒரு காட்டமான கடிதம் எழுதினார். பிறகு, அனுப்பப்படவில்லை, கையொப்பமிடப்படவில்லை என்று உறைமேல் குறித்து வைத்துவிட்டார்.

மருமகன்: மீடு எதிர்க்கட்சிக்காரரா?

மாமனார்: எதிராளியல்ல, அவருடைய சொந்தத் தளபதிதான். போர் முடியும்வரை அதே படைக்குத் தலைமை தாங்கினார். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் அப்படி நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். இதையும் ஓர் உறையிலிட்டு அந்த இழுப்பறைக்குள் வையுங்கள்.

மருமகன்: பாதிக்குமேல் திறக்க மறுக்கிறதே. ஏதோ காகிதக் கட்டு இடிக்கிறது. மாமா, இந்த உறையின்மேல் என் பெயர் இருக்கிறது! இதிலும் இருக்கிறது!

மாமனார்: பெயருக்குக் கீழே உள்ளதையும் படியுங்கள்.

மருமகன்: "அனுப்பப்படவில்லை, கையொப்பமிடப்படவில்லை." சென்ற தேர்தலின் முடிவு வெளியான இரவல்லவா இது?

மாமனார்: அன்று வாசலில் நின்றுகொண்டு எங்கள் கட்சியைப் பற்றி நீங்கள் முழங்கியதற்கு ஐந்து பக்கம் எழுதினேன். உங்கள் தாத்தா மூன்றாம் பக்கத்தில் வருகிறார்.